மேட்டை விட்டு ரோட்டுக்கு

ஞாயிறு காலை மணி ஏழே முக்கால். மாரிகுப்பம் போகும் ரயில் பங்காருப்பேட்டையில் பாதிக் கூட்டத்தை இறக்கிவிட்டு, கோரமண்டல் தாண்டி ஊரிகத்தில் நின்றது. ரோட்டில் ஓட ஒரு ஜோடி ஷூ வாங்குவதற்காக பெங்களூரிலிருந்து இங்கே வருகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அங்கே தடுக்கி விழுந்தால் ஷூ கடை. ஆனால் அங்கே ஜெயசீலன் இல்லையே.

ஜெயசீலன், இந்தச் சுரங்கக் குடியிருப்பில் நான் இருந்தபோது பக்கத்து லைன் வீட்டுக்காரன்; என் வயது. தங்கச் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவன். பன்னிரண்டு வருஷம் ஞாயிறுதோறும் இருவரும் சயனைடு மேடுகளில் ஓடினோம். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், மலையாகக் குவிந்த மேடுகள். முன்னால் நான், பின்னால் அவன். உச்சியில் மூச்சு வாங்கியபடி, கீழே தெரியும் தகரக் கூரைகளில் எங்கள் பழைய வீட்டைத் தேடுவோம். ஆளுக்கொரு கூரையைக் காட்டிச் சண்டை போடுவோம். 

சர்க்கரை அவன் கண்ணைப் பிடித்தது. போன வருஷம் மேட்டிலிருந்து உருண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. இனி மேடு கூடாது, யாராவது முன்னால் ஓடினால் சமதரையில் ஓடலாம் என்றார் டாக்டர். அவனோ ஓட்டத்தையே விட்டு வீட்டோடு முடங்கிவிட்டான். போனில் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, "ஒரே ஒரு வாட்டி வரேன். சரிப்படலன்னா என்ன வுட்ரு" என்றான்.

எட்டரைக்கு ஜெயசீலனை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை கடைவீதி, அறுபது ரூபாய். கடைக்கார அம்மா எடுத்துக் கொடுத்த ஷூவை நான் உடனே கவிழ்த்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மேட்டில் ஓடும் ஷூவுக்கு அடியில் பல் பல்லாக இருக்கும். பழக்கதோஷம்.

"இதுல பிடிப்பே இல்லையேம்மா?"

"தார் ரோட்ல இன்னாத்த புடிக்கப் போறீங்கண்ணா?"

"இன்னாடா, மாட்டுக்குப் பல்லு பாக்கறாப்ல பாக்கற?" என்று ஜெயசீலன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் ஷூ ஒன்று காலுக்குப் பஞ்சு மெத்தையாக இருந்தது. கடைக்குப் பின்னாலிருந்த ஆளில்லாத சந்தில் போட்டுப் பார்த்தோம். "பின்னாடியே வா" என்று சொல்லிவிட்டு ஐம்பது அடி ஓடி, குஷியாகத் திரும்பினேன். ஜெயசீலன் கிளம்பின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் ஓடலியாடா நீ?" என்று பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்துக் கேட்டான்.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"மேட்டுல சரளக்கல்லு சத்தம் போடும். அத்த கேட்டுகினுதான் வருவேன். கண்ணு மங்கி மூணு வருசம் ஆவுது, நீ கண்டுக்கல. சொன்னா கூட்டிகினு போமாட்டன்னு நானும் சொல்லல. வுழுந்த அன்னிக்கு மழ பேஞ்சி மண்ணு ஈரம். உன் சத்தமே கேக்கல."

விழும்வரை இரண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் காதால் வழி பார்த்து ஓடியிருக்கிறான். நானோ வேகக் கணக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இருக்கறதுலயே சத்தம் போடற ஷூ குடும்மா" என்றேன்.

"அது ஹார்டுண்ணா, காலு நோவும்." அந்த அம்மா மனசில்லாமல்தான் எடுத்துக் கொடுத்தார். ஆயிரத்து நானூற்றைம்பது. சந்தில் நாலடி வைத்தேன். டப், டப் என்றது. ஜெயசீலன் கிளம்பிவிட்டான்.

ஊரிகம் ஸ்டேஷன் வரை ஓடியே போனோம்; மூன்று கிலோமீட்டர் இருக்கும். ரோட்டில் வண்டிகள் குறைவு. முதலில் தயங்கித் தயங்கி வந்தான். பாதி தூரத்தில் மூச்சு சீரானது. திரும்பிப் பார்க்கத் துடித்தேன். திரும்பினால் என் காலடிச் சத்தம் தவறிவிடுமென்று பார்க்கவில்லை.

ஸ்டேஷனில், குதிகால் எரிய, புது ஷூவைக் கழற்றி மடியில் வைத்துப் பழையதை மாட்டினேன். ரயில் வரும் சத்தம் கேட்டதும் ஜெயசீலன் கை நீட்டித் துழாவி, என் மடியிலிருந்த புது ஜோடியை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"இது இங்கயே இருக்கட்டும். நீ பெங்களூர்ல ஓடித் தேச்சிட்டன்னா சத்தம் போயிடும்."