தகப்பன் தூக்கினால்தான்

பாதிரியாருக்குப் படிக்கும் குருமடத்தில் லத்தீனோடு ரோமர்களின் வழக்கங்களையும் படித்தோம். பிறந்த குழந்தையைத் தகப்பன் காலடியில் கிடத்துவார்களாம். அவன் தூக்கினால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளை. பரீட்சையில் அதை நன்றாகவே எழுதினேன்.

விடுமுறையில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்கு மூன்றாவதும் பெண். மறுநாள்தான் மாமா வந்தார்.

"வாங்கிக்கங்க மாப்ள," என்று அம்மா குழந்தையை நீட்டினாள்.

"கையெல்லாம் கரும்புச் சோகைத் தூசிங்க அத்த. வெட்டு ஆளுங்க வேற காத்துக்கினு இருக்காங்க."

கழுவிய கைதான். நான் பார்த்தேன்.

"நம்ம வூட்லயே படிச்சவன் நீதானடா, இன்னா பாத்துக்கினு நிக்கற? சொல்லேன்," என்றாள் அக்கா.

"மாமா..." என்றேன்.

"இன்னா சாமியாரே, இங்கயே பிரசங்கமா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார். அம்மா நீட்டிய கையை மடக்காமல் குழந்தையோடு அப்படியே நின்றாள்.