கண் இல்லாத நுங்கு

நான் கல்லூரியில் கணிதம் படித்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நிகழ்தகவு எங்களுக்குப் புதிய பாடம். மூன்று காசுகளைச் சேர்த்துச் சுண்டினால் எத்தனை தலை விழும் என்பதை இளம் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் நான்கு கம்பங்களாக வரைந்தார்: பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. ஓரங்கள் குட்டை, நடுவில் உயரம். காசு ஒருபக்கமே அதிகம் விழுவதானால் கம்பங்களின் உயரமும் மாறும் என்றார். காசைவிட்டால் வேறெதற்கு இது பொருந்தும் என்ற யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது.

மாசியில் மண்டைக்காட்டுக் கோயில் கொடை விழாவுக்குப் போனோம். கடற்கரையில் தின்று எறிந்த நுங்குக் காய்கள் குவிந்து கிடந்தன. பலவற்றில் மூன்று கண், சிலவற்றில் இரண்டு, அபூர்வமாக ஒன்று. ஒவ்வொரு கண்ணும் உண்டு அல்லது இல்லை; மூன்று காசுகள்! குனிந்து எண்ணத் தொடங்கினேன்.

“ஏட்டி, எச்சிக் காயில என்னத்தத் தேடுக?” என்றான் அண்ணன்.

“கணக்குப் பாடம் அண்ணே.”

“நல்ல பாடம்! ஆளுவ பாக்குது, எழும்பு.”

நான் எழும்பவில்லை.

வகுப்பில் சொன்னதும் ஆசிரியருக்கு முகம் மலர்ந்தது. “சரி, கண்ணே இல்லாத காய் எத்தன கிடந்தது?”

“அத யாரு சார் வெட்டி விப்பா?”

அவர் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். “அப்பம் நீ எண்ணினது மரத்தில காய்ச்சத இல்ல. விக்க வந்தத.”

அந்தச் சனிக்கிழமை எங்கள் தோட்டத்துப் பனைகளின் அடியில் உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கினேன். நான் வெட்டுக்கத்தியை ஓங்கியதைப் பார்த்துவிட்டு அண்ணன் ஓடிவந்தான்.

“வெரலப் போக்கிராத. இங்க தா.”

அவன் வெட்டிய முதல் பிஞ்சில் மூன்று சின்னக் கண்கள். அடுத்தது அழுகல். மூன்றாவது முழுக்க நார், கண்ணே இல்லை. நான் கத்திவிட்டேன். கடற்கரையில் என்னைக் கண்டு வெட்கப்பட்டவன், சொல்லாமலே அடுத்ததை எடுத்து வெட்டினான்.

“மக்கா, இதுலயும் இல்ல!”

இரவுச் சாப்பாட்டின்போதுதான் சந்தேகம் வந்தது. கண் இல்லாததால் உதிர்ந்ததா, கண் வைக்கும் முன்பே உதிர்ந்ததா? திங்கட்கிழமை அந்த இரண்டு பிஞ்சுகளையும் ஆசிரியரின் மேசையில் வைத்துக் கேட்டேன்.

“எனக்கும் தெரியல்ல,” என்றார். அவற்றைக் காகிதத்தில் பொதிந்து தாவரவியல் ஆசிரியரிடம் கொண்டுபோனார். அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் எங்கள் ஆசிரியர் நுங்குக்கென்று நான்கு கம்பங்கள் வரைந்தார். பூஜ்யத்துக்கான முதல் கம்பத்தை மட்டும் புள்ளிக்கோடாக விட்டார். “இதுக்க உயரம் நமக்கு இன்னும் தெரியாது,” என்றார். வகுப்பு முழுவதும் அதைப் புள்ளிக்கோடாகவே வரைந்துகொண்டது.