வலக் கன்னத்துத் தழும்பு

யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல்செட்டைச் சின்னச் சக்கரத்தில் கொடுத்து ராவிக்கொண்டிருப்பாள். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றாராம். ஒருநாள் ஏதோ எடுக்கக் கிட்டப் போனபோதுதான், "அவ்ளோ ஆழத்துல தண்ணி அழுத்துமே, முழங்கால் மூட்டு தாங்குமா?" என்பது காதில் விழுந்தது. அந்த முழங்கால் ஒரு ரோபோவுடையது. நின்றால் ஆறு மாடி உயரம் இருக்கும்.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டுத் திருப்பி அனுப்பும் பல்கூடம் ஒன்றில் இவளுக்கு வேலை. நோயாளி ஒருவரின் முகத்தையும் இதுவரை பார்த்ததில்லை. அச்சைப் புரட்டிப் பார்த்து, "இவரு கோவத்த வெளிய காட்ட மாட்டாரு, தூக்கத்துல பல்லக் கடிக்கிறாரு" என்பாள். சரியா தவறா என்று யாரும் போய் விசாரித்ததில்லை.

மருத்துவரின் சீட்டில் இடது என்று இருந்தால் அது நோயாளியின் இடது. எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வலது. இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் ஒருமுறையாவது பல்லை மாற்றி நட்டு வசவு வாங்கியிருப்பார்கள். இவள் வாங்கியது எந்தக் காலத்திலோ. ஆனாலும் அன்றிலிருந்து யார் இடது என்று சொன்னாலும், "யாரோட இடது?" என்று கேட்காமல் விடமாட்டாள். வாடகைக் காரில் பின்னால் உட்கார்ந்தபடி அதையே கேட்க, ஓட்டுநர், "நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதாம்மா" என்று சொன்ன கதையை அவளே சொல்லி, அவளே முதலில் சிரிப்பாள்.

வேலைக்காக வெளியூர் போன மகன், வீட்டுத் தொலைக்காட்சியில் பாதி பார்த்து விட்டுப்போன அனிமே தொடர் 'ஆழிக் காவலர்'. அவன் விட்ட இடத்தில் இவள் பிடித்துக்கொண்டாள். கடலோர நகரம் ஒன்றைக் காப்பதற்கு ஒரே அச்சில் வார்த்த இரண்டு ரோபோக்கள். ஒன்றை அக்கா ஓட்டுகிறாள், மற்றதைத் தங்கை. ரோபோவின் நெஞ்சுக்கூட்டுக்குள் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். தங்கையின் ரோபோவுக்கு இடக் கன்னத்தில் ஒரு பழைய தழும்பு. அக்காவின் ரோபோ ஒரு சண்டையில் வலக் கன்னத்தில் வெட்டு வாங்கி, அவளோடு சேர்ந்து கடலில் மூழ்கிவிடுகிறது. சில வாரம் கழித்து நகரம் பற்றி எரியும்போது, புகைக்கு நடுவே கடலிலிருந்து ஒரு ரோபோ எழுந்து வருகிறது. உள்ளே இருப்பது யார் என்று அப்போதும் காட்டவில்லை, அதற்குப் பிறகும் காட்டவில்லை. தங்கைதான் வந்துவிட்டாள் என்று தொடரைப் பார்த்தவர்கள் எல்லாம் ஆரவாரம் செய்தார்கள். இவள் மட்டும் காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போய், மூக்கு திரையில் படும்படி நின்றாள். தழும்பு வலக் கன்னத்தில் இருந்தது.

தொடரின் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பகுதி முடிந்ததும் முதல் ஆளாக வந்து, "இந்த வாரமும் ஏமாத்திட்டாங்க" என்று எழுதுவார். ஏமாற ஒரு வாரமும் தவறியதில்லை. பேருந்து நடத்துநர் ஒருவர், கதை முழுவதும் துருப்பிடித்துக் கிடக்கும் ரோபோ காணும் கனவு என்று பிடிவாதமாகச் சொல்லிவருகிறார். ரோபோ விழுந்தால் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ரோபோவின் இடுப்பு மெலிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், மறுவாரமே திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். யாருடைய ஊகம் பொய்த்துப்போகிறதோ அவர் ஒரு வாரம் தன் முகப்படத்தில் விளக்குமாற்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். நடத்துநரின் முகமே விளக்குமாறுதான் என்று புதியவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் இவள் இரண்டே வரி எழுதினாள். "எழுந்து வந்தது தங்கச்சி இல்ல, அக்கா. கன்னத்தப் பாருங்க." அன்று சாயங்காலம் முழுக்கக் குழு ஒரே கூச்சலாக இருந்தது. ஆளாளுக்குக் காட்சியை நிறுத்திப் பார்த்து, வாயைப் பிளந்து, வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தார்கள். மருந்துக்கடைக்காரர்கூட ஏமாந்ததாக எழுதவில்லை. இவள் தொழிலைக் கேட்டறிந்த யாரோ வைத்த பெயர்தான் கடைவாய். கடித்ததை விடாதவள் என்று பொருளாம். அவளுக்குப் பிடித்துப்போனது. இப்போது பல்கூடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஆனால் அந்தத் தழும்பால் அவளுக்குக் கிடைத்த பெரிய லாபம் குழுவில் இல்லை, வீட்டுக் கூடத்துச் சோபாவில் இருந்தது. அது அவள் நாத்தனார்.

கணவரின் தங்கையான நாத்தனாருக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இறந்தவர்கள் பேரில் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைத் துருவிப் பார்த்து, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள். முன்பு ஒருசமயம் கடைவாய் தன் மாமியாருக்கு ஆசை ஆசையாக ஒரு பல்செட் செய்து கொடுத்தாள். மாமியார் அதைப் போட்டுக்கொண்டு சிரித்ததும், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் நாத்தனார், "எங்கம்மாவுக்குக் குதிரைப் பல்ல மாட்டிட்டீங்களே" என்றாள். மாமியார் அதே பல்லோடு இன்றைக்கும் மூத்த மகன் வீட்டில் கடலை கொறித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். இவர்கள் இருவருக்கும்தான் பேச்சு நின்றுபோனது. எங்காவது எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு புன்னகை, "நல்லாருக்கீங்களா", அவ்வளவுதான். வருடங்கள் ஓடின.

போன வருடம் நாத்தனார் அலுவலகப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அண்ணன் போய் அழைத்துவந்து தன் வீட்டுச் சோபாவில் கிடத்தினார். கட்டுப் போட்ட கால், எழுந்து போகவும் வழியில்லை, எதிரில் ஓடுவதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அக்காவின் ரோபோ மூழ்கிய சனிக்கிழமை கடைவாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மெஷினுக்குப் போயி எதுக்கு அண்ணி அழறீங்க?"

"உள்ள ஆளு இருக்குல்ல."

அத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் உருப்படியான பேச்சு அது. கடைவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, நாத்தனாரின் காலில் இருந்த மாவுக்கட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று தொழில்முறைத் தீர்ப்பு சொன்னாள். நாத்தனார் சிரித்துவிட்டாள்.

கால் கூடிய பிறகும் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாத்தனார் வந்துகொண்டிருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதுதான் கிளம்பப் போகிறவள் போல உட்காருவாள். தழும்பு விஷயத்தில் அவள் எதிர்க்கட்சி. செத்தவள் செத்தவள்தான், கன்னத்தைக் காட்டினால் எங்கள் ஆபீசில் காசு கொடுக்க மாட்டார்கள் என்பாள். கடைவாய் விடமாட்டாள். குரல் ஏறும். ரோபோவைக் கண்டாலே கொட்டாவி வருகிற கணவர் சமையலறையில் பாத்திரம் துலக்கியபடி, "பேசாம இருந்தீங்களே, அப்ப வீடு எவ்ளோ அமைதியா இருந்துச்சு" என்பார். சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும்.

இப்படியே மாதங்கள் போயின. தொடர் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, செருப்பை மாட்டிக்கொண்டே நாத்தனார் தன் தீர்ப்பை மாற்றிச் சொன்னாள். "உடம்பு கிடைக்கலையே அண்ணி. கடல்ல போனவங்கள நாங்களே அவ்ளோ சுலபமா செத்துட்டதா எழுத மாட்டோம். நீங்க சொல்றதுதான் சரி போல." அன்று கடைவாய் இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் பல்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மருந்துக்கடைக்காரரின் செய்தி வந்தது. தொடரை எடுத்த நிறுவனம் முந்தின நாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. கடலிலிருந்து எழும் காட்சியைத் தொகுக்கும்போது படம் தவறுதலாக இடவலம் புரண்டுவிட்டதாம். வருந்துகிறார்களாம். குறுந்தட்டாக வெளியிடும்போது திருத்திவிடுவார்களாம். கீழே குழுவினர் இவளுக்கு ஆறுதலும் விளக்குமாறும் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

மேசையில் கிடந்த, பல் பார்க்கும் வாய்க்கண்ணாடியை எடுத்து, கைபேசியில் நிறுத்திய அந்தக் காட்சிக்கு எதிரே பிடித்தாள். தழும்பு இடக் கன்னத்துக்குப் போனது. தோள் சாய்வு, கை நீளம் எல்லாம் தங்கையின் ரோபோவுக்குச் சரியாகப் பொருந்தின. எந்தச் சீட்டைக் கண்டாலும் யாருடைய இடது என்று கேட்கிறவள் இந்த ஓர் இடத்தில் மட்டும் கேட்கவில்லை. அந்த அக்கா பிழைத்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. முகப்படத்தில் விளக்குமாற்றை அவளே ஏற்றிவிட்டாள். அது பெரிய விஷயமில்லை. நாத்தனாரை நினைத்தபோதுதான் சோறு இறங்கவில்லை. வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவளிடம் பேசுவதற்குக் கிடைத்தது இந்த ஒரு தழும்புதான். அதுவும் பொய் என்றால் சனிக்கிழமைக்கு அவள் எதற்கு வரவேண்டும்? குதிரைப் பல்லுக்குப் பிறகு இது வேறு. நாத்தனார் குழுவில் இல்லை. சொல்லாமல் விட்டால் தெரியப்போவதில்லை. ஆனால் அளவு சேராத பல்செட்டைச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பிப் பழக்கமில்லை அவளுக்கு.

அன்றைய பகுதியில் தங்கை கரையில் நின்று வானொலியில் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எதிர்முனையில் ஒரு கரகரப்பு. நாத்தனார் கடைவாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு அண்ணி, அது மூச்சு. அடுத்த வாரம் வெளிய வந்துடுவா பாருங்க." அந்தப் பிடியில் இருந்த சந்தோஷத்தைக் கடைவாயால் தாங்க முடியவில்லை.

"அது தப்பும்மா."

"எது?"

"தழும்பு. படத்தத் திருப்பிப் போட்டுட்டாங்களாம். அவங்களே சொல்லிட்டாங்க. வந்தது தங்கச்சிதான். தெனம் இதே வேலையப் பாக்கறேன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

கைபேசியைக் கொடுத்தாள். நாத்தனார் அறிவிப்பைப் படித்தாள். மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். கடைவாயின் பார்வை அவள் மடியில் இருந்த கைப்பை மேலேயே இருந்தது. இப்போது அதன் வார் தோளுக்கு ஏறும் என்று காத்திருந்தாள்.

"எப்ப எழுதியிருக்காங்க இத?"

"நேத்து."

"காட்சி எப்ப வந்துச்சு?"

"அது ஆச்சு, நாலஞ்சு மாசம்."

"நாலஞ்சு மாசம் வாயத் தொறக்கல. கத முடியப் போகுதுங்கறப்ப ஓடி வந்து, கை தவறிடுச்சுங்கறான். அதுவும் எத? ஊரே கண்டுபிடிச்ச ஒரே ஒரு விஷயத்த." நாத்தனார் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "இந்த மாதிரி எத்தன வாக்குமூலம் பாத்திருக்கேன் அண்ணி. மறைக்க ஒண்ணும் இல்லாதவன் இவ்ளோ வருத்தம் தெரிவிக்க மாட்டான். அக்கா உசுரோட இருக்கா."

கடைவாய் கண்ணாடியில் வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். தோள் சாய்வைச் சொன்னாள். நாத்தனார் எதற்கும் மசியவில்லை; ஒரே அச்சில் வார்த்ததென்றால் தோள் ஒரே மாதிரிதானே இருக்கும் என்றாள். அது எப்படி, ஒரே அச்சில் எடுத்த இரண்டு பல்செட்டே ஒன்றுபோல இருக்காது என்று கடைவாய் குரலை உயர்த்தினாள். உயர்த்திய பிறகுதான், போன வாரம்வரை நாத்தனார் உட்கார்ந்திருந்த கட்சியில் இப்போது தான் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. சமையலறையில் குழாய் நின்றது. கணவர் எட்டிப் பார்த்து, சாப்பிடலாமா என்று கேட்டார்.

"நீ சாப்பிடுண்ணா, இங்க ஒரு கேசு ஓடிட்டு இருக்கு" என்றாள் நாத்தனார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "முதல் பகுதியிலேர்ந்து போடுங்க. இன்னும் எங்கெங்க கன்னம் மாறியிருக்குன்னு வரிசையாப் பாத்தாத்தான் இவனுங்கள மடக்க முடியும்" என்றாள்.

"அடுத்த வாரத்தோட தொடர் முடியுது. இத்தனையையும் எப்ப பாத்து முடிக்கறது?"

"சனிக்கிழமை சனிக்கிழமையாப் பாப்போம். என்ன அவசரம்?"

கடைவாய் ரிமோட்டைத் தேடி எடுத்தாள். முதல் பகுதியைத் திரைக்குக் கொண்டுவந்தாள். அழுத்தவில்லை. குனிந்து, நாத்தனாரின் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் மேலாடை நுனியால் இரண்டு வில்லைகளையும் துடைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வில்லையில் ஊதி மறுபடி துடைத்து, திரும்பவும் அவள் காதுகளில் கோணாமல் மாட்டிவிட்டாள். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.