சித்தப்பா விட்டுவைத்த அடி

எங்கள் சித்தப்பாவுக்கு ஒழுங்காக வலை இழுக்க வராது என்பது கோட்டைக்குப்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனாலும் ஏரியில் மடவை மீனுக்கு வலை கட்டும் நாளில் எல்லாத் தோணிக்காரர்களும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். வலையைச் சுற்றிக் கட்டிய பிறகு தோணியின் பலகையைத் துடுப்பால் தட்ட வேண்டும். சத்தத்துக்கு மிரண்டு மீன் வலைக்குள் ஓடும். மற்றவர்கள் பூட்டிய கதவைத் தட்டுவதுபோல் தட்டுவார்கள். சித்தப்பா தட்டினால் பக்கத்துத் தோணிக்காரன் தன் வலையை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான்.

காற்று ஒத்துவராமல் தோணிகள் கரையில் கிடக்கும் பகல்களில் அந்தத் தட்டலே எங்களுக்கு விளையாட்டு. கவிழ்த்துப்போட்ட தோணிக்கு ஒரு பக்கம் என் நைனா, மறுபக்கம் அவர் தம்பியான சித்தப்பா. அம்மா மண்பானையை மடியில் வைத்துக்கொள்வாள். என் கையில் இரண்டு பெரிய கிளிஞ்சல்கள். யாருக்கும் யாரும் எதையும் சொல்லித்தந்ததில்லை. ஒருவர் தட்டியதை அடுத்தவர் அப்படியே திருப்பித் தட்டக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். தட்டிவிட்டால் மறுநாள் தோணியில் தண்ணீர் இறைப்பது அவர் வேலை. எங்கள் வீட்டில் தண்ணீர் இறைத்தது பெரும்பாலும் நைனாதான்.

சித்தப்பா வாய்க்கு வந்ததைப் பாடுவார். "அண்ணன் போட்ட வலையில ஓட்ட, அண்ணி வச்ச சட்டியில ஓட்ட" என்பார். "ஓட்டச் சட்டியில வழிச்சித் துன்னது யாரு?" என்று அம்மா பானையில் பதில் போடுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அடுத்து என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் வந்ததும் அதுதான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

சித்தப்பாவிடம் ஒரு குறும்பு உண்டு. வேகமாகத் தட்டிக்கொண்டே போய், முடிய வேண்டிய இடத்துக்கு ஓர் அடி முன்னால் கையைத் தூக்கிக்கொள்வார். எல்லோரும் தடுமாறுவோம். "மீனு அங்கதான் ஏமாறும்" என்பார். பிறகு அந்தக் கடைசி அடியை எனக்கென்றே விட்டுவைக்க ஆரம்பித்தார். கையைத் தூக்கியபடி என்னைப் பார்ப்பார். நான் கிளிஞ்சல்களை ஒரே ஒரு முறை மோதுவேன். அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவார். வேண்டுமென்றே நான் சும்மா இருந்தால், தூக்கிய கையை இறக்காமல் காத்திருப்பார்.

சித்தி மட்டும் எங்களோடு சேரமாட்டாள். வெயிலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "வேலையத்ததுங்க" என்று திட்டுவாள். திட்டி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. மேற்கே ஊர் ஊராகப் பஞ்சம். ஜனங்கள் எலும்பும் தோலுமாகப் பழவேற்காட்டை நோக்கி நடந்து வந்தார்கள். அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஒல்லாந்தருக்குத் துணிகளோடு ஆட்களும் தேவைப்பட்டார்கள், கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டி அனுப்ப. கஞ்சிக்காகத் தங்களையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு. விற்றுக்கொள்ளாதவர்களை வழியில் மடக்கிப் பிடித்து விற்கத் தரகர்களும் இருந்தார்கள். இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. தாழம்புதரைத் தாண்டித் தனியாகப் போகாதே என்பது மட்டும்தான் அப்போது எனக்குச் சொல்லப்பட்டது.

சித்தப்பா கருவாட்டு மூட்டையோடு மீஞ்சூர்ப் பக்கம் போனார், நெல்லுக்கு மாற்றி வர. திரும்பி வரவில்லை. நைனா தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார். நான் கேட்டதற்கு, "கூத்துக்காரங்களோட பூட்டான், வந்துருவான்" என்றார். உடனே நம்பினேன். சித்தப்பாவைப் பார்த்த பிறகும் கூத்துக்காரர்கள் விட்டுவிட்டுப் போயிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். சித்தி கருவாட்டைக் காக்கைக்கு விட்டுவிட்டு மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது மட்டும் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் கோட்டைச் சமையல்கட்டுக்கு நண்டு கொண்டுபோன நைனா என்னையும் கூட்டிப்போனார். துறையை ஒட்டி நீளமாக ஒரு கிடங்கு இருந்தது, சன்னலே இல்லாமல். அதைக் கடக்கும்போது உள்ளேயிருந்து யாரோ கதவுப் பலகையைத் தட்டினார்கள். நைனா நின்றார். கூடையை இறக்கி வைத்தார். கரையில் கவிழ்ந்து கிடந்த தோணி ஒன்றின்மேல் குனிந்து தட்டினார். உள்ளேயிருந்து பதில் வந்தது. நைனா தட்டியதை அப்படியே திருப்பித் தட்டாத பதில்.

நைனா அன்றைக்குத் தட்டியதுபோல் ஒருநாளும் தட்டியதில்லை. அவரிடம் அவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. உள்ளே வேறு பல கைகளும் சேர்ந்துகொண்டன. தரையில், சுவரில், இரும்பில் எல்லாம் தட்டினார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய்கூடக் காலால் தாளம் போட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நைனா, கூத்து உள்ள நடக்குதா?"

"ஆமா."

"சித்தப்பா ஏன் வெளிய வரல?"

 நைனாவின் கை மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மற்ற கைகள் ஓய்ந்தன. ஒற்றைக் கை மட்டும் வேகமெடுத்து வந்து, முடிய வேண்டிய இடத்துக்கு ஓர் அடி முன்னால் நின்றது.

"போடு" என்றார் நைனா. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

மடியில் முடிந்திருந்த கிளிஞ்சல்களை எடுத்து ஒரு முறை மோதினேன். உள்ளே சத்தமே இல்லை. அடுத்ததைத் தொடங்க வேண்டியது சித்தப்பாவின் முறை. காத்திருந்தேன். அவர் தொடங்கவில்லை.

கோட்டை வாசலில் ஒல்லாந்தருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி நின்றிருந்தார். நைனா அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன் சாமி" என்றார்.

"இன்னிக்கு நீ தம்பின்னு வருவே. நாளைக்கு உள்ள கீறவன் அத்தினி பேருக்கும் அண்ணன் மொளைச்சி வருவான். போய்யா" என்று துபாஷி காலை உதறிக்கொண்டார்.

கோட்டைப் பக்கத்தில் சத்தம் போட்டதற்காக நைனா மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். நானும்தானே சத்தம் போட்டேன் என்று அவர் பின்னாலேயே கைகட்டி நின்றேன்.

அதன் பிறகு நைனா தினமும் கோட்டைக்குப் போனார். ஒரு காலையில், அதுவரை முகத்துவாரத்துக்கு வெளியே நின்றிருந்த ஒல்லாந்தர் கப்பலைக் காணவில்லை. கிடங்கைத் திறந்துபோட்டுக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நைனா வந்து சித்தியிடம் சொன்னார்.  சித்தி போய் அம்மாவின் பானையை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தாள்.

"அன்னிக்கு உள்ளேர்ந்து இன்னா வந்துது? தட்டிக் காட்டு."

வேலையற்றதுகள் என்று திட்டியவளே கேட்கிறாள் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டினேன். "இன்னொருவாட்டி" என்றாள். மறுபடி தட்டினேன். பானையோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். எத்தனை முறை தட்டினாலும், கடைசி அடிக்கு நான் கையை ஓங்கியதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த மட்டும் போடாத."

"போடலன்னா எப்டி முடியும்?"

"முடிய வாணாம்" என்றாள்.

பாவம், சித்திக்கு இந்த ஆட்டம் தெரியவில்லை என்று நினைத்தேன். சித்தப்பா வந்ததும் அவரே சொல்லித்தருவார் என்று அவளைத் தேற்றினேன்.