அடைகாத்த புள்ளி

ஒரு கழுகின் முதுகில் கட்டிய கருவி, அது இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் தகவலைத் தினமும் இணையத்தில் வரைபடமாகப் போடுவதுதான் அவர் வேலை. அலுவலகத்தில் அவர் பெயரே கழுகார். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் முழிப்பார். கழுகு எங்கே என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

ஒருமுறை வரைபடத்தில் கழுகைக் காட்டும் புள்ளி நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. போய்ப் பார்த்திருக்கலாம். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "நம்ம கழுகம்மா அடைகாக்கிறாள்" என்று எழுதிப் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு புள்ளி நகர்ந்தது. "கழுகம்மா இரை தேடக் கிளம்பிவிட்டாள்" என்று அதையும் எழுதி, மனைவியிடம் பெருமையாகக் காட்டினார்.

"என்னங்க இது, கடைக்குக் கடை நின்னு நின்னு போகுது? கழுகா, பால்வண்டியா?"

சிரித்துக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளி போன கோடு முழுக்கத் தார்ச்சாலை மேலேயே கிடந்தது. சிரிப்பு நின்றது.

மறுநாள் புள்ளியைத் தேடிப் போனார். பால்வண்டியேதான். ஓட்டுநர் கண்ணாடி ஓரம் வைத்திருந்த கருவியை எடுத்துக் கொடுத்தார்.

"கழுகு கரண்டு கம்பிக்குக் கீழ கெடந்துச்சு சார். மொதல்ல பாத்தப்ப உசுரு இருந்துச்சு. முதுகுல கருவி இருக்கே, யாராச்சும் தேடி வருவாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் போய்ப் பாத்தா செத்துக் கெடந்துச்சு. அதான் கழட்டி எடுத்தேன்."

கழுகாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அலுவலகம் திரும்பி, உள்ளதை எழுதிவிடலாம் என்று பக்கத்தைத் திறந்தார். யாரோ புதிதாகக் கேட்டிருந்தார்கள்:

"குஞ்சு பொரிச்சாச்சா சார்?"