காற்று இல்லை என்று காட்டிய திரை

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஆர்த்திகாவுக்கு வேலை. என்னோடு படித்தவள். நான் நாடு நாடாகத் திரிந்த வருசங்களில் அவள் கதிரவெளிச் சதீசனைக் கட்டி, ஓய்வு நேரங்களில் கணினி நிரல் எழுதவும் பழகியிருந்தாள்.

சதீசன் மீன்பிடிக்கிறவன். அவனும் கூட்டாளிகளும் கடலுக்குப் போகுமுன் போனில் காற்றுப் பார்க்கிற செயலி ஒன்று உண்டு. திறந்த மூலச் செயலி. அதன் நிரலை எவரும் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். ஆனால் வள்ளம் தள்ளுகிற கரையில் கவரேஜ் இல்லை. அங்கே செயலியின் திரை வெறுமையாகிவிடும். அதனால் தினமும் ஒருவன் திட்டிக்கொண்டே றோட்டுக்கு ஏறி, காற்றுப் பார்த்து வருவான்.

ஆர்த்திகா அதைத்தான் திருத்தினாள். கவரேஜ் போனாலும் கடைசியாகக் கிடைத்த விவரம் திரையில் நிற்கும்படி எழுதினாள். அனுப்பிவிட்டு, யார் என்ன சொல்வார்களோ என்று பயந்து மடிக்கணினியைத் திறக்காமலே இருந்தாள். ஏற்றுக்கொண்டார்கள். சதீசன் கரை முழுக்கப் பீற்றித் திரிந்தான்.

கார்த்திகை மாதம் ஒரு காலை, நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஹோட்டல் வைஃபையில் செயலியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். திரை சிவப்பாக இருந்தது. கடும் வாடைக்காற்று, கடலுக்குப் போகவேண்டாம்.

சதீசனின் போன் வேலை செய்யவில்லை. றோட்டுக் கடைக்கு வந்திருந்த மாமியை, சதீசனின் அம்மாவை, போனில் பிடித்தாள்.

"அவன் விடியவே போயிட்டான் புள்ள. காத்து இல்லையாம்."

"றோட்டுக்குப் போய்ப் பார்த்தவரா, மாமி?"

"இப்ப ஏன்கா றோட்டுக்குப் போவான்? நீதானே கரையிலயே தெரியச் செய்து குடுத்த!"

ஆர்த்திகா என் கையைப் பிடித்தாள். "அது நேற்றைய காத்துடி. பழசெண்டு ஒரு வரி போட மறந்துட்டன்."

என் ஸ்கூட்டரில் கதிரவெளிக் கரைக்கு வெளிக்கிட்டோம். பனிச்சங்கேணிப் பாலத்தில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. "நிப்பாட்டு, இஞ்ச கவரேஜ் இருக்கு" என்றாள். கைப்பிடிச் சுவரோடு குந்தியிருந்து, செயலியின் நிரல் பக்கத்தில், உலகமே பார்க்கிற இடத்தில் எழுதினாள்: என் திருத்தம் ஆபத்தானது. உடனே நீக்குங்கள். ஆட்கள் கடலில் இருக்கிறார்கள்.

கரையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். போன வள்ளங்களில் இரண்டு வந்திருந்தன. சதீசனுடையது இல்லை. மாமியின் போனை வாங்கி ஆர்த்திகா செயலியைத் திறந்தாள். சேலைகள் படபடக்க, மணல் முகத்தில் அடிக்க, திரை பச்சையாக, அமைதியாக இருந்தது. காற்று இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. அலைக்குள் மறைந்தது. மறுகா தெரிந்தது. எஞ்சின் நின்றுபோய், சதீசனும் கூட்டாளியும் துடுப்பால் வலித்து வந்தார்கள். வலை இல்லை, வெட்டி விட்டிருந்தார்கள்.

"என்னகா அழுற? செத்த வீடா?" என்றான். அவன் பல்லும் கிடுகிடுத்தது.

பொறுப்பாளர்கள் அன்றே திருத்தத்தை நீக்கினார்கள். தாங்களும் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். தங்களுக்கு வீட்டுக்குள்ளேயே கவரேஜ் இருப்பதால் இப்படி யோசிக்கவே இல்லையாம். ஆர்த்திகா மீனவர் தங்கும் கரையோர வாடிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், ஒவ்வொருவர் போனையும் பறித்து, றோட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்துக் கொடுத்தாள்.

"திரும்பவும் எங்கள நடக்க வைக்கிறாளே!" என்று ஒருவன் சிணுங்கினான்.

"நட" என்றான் சதீசன்.

இப்போதும் அவள் சரியாக உறங்குவதில்லை. செயலி எத்தனையோ நாடுகளில் ஓடுகிறது. "புதுப்பிக்காத போனோட எந்தக் கரையில ஆர் நிக்கிறாங்களோ" என்கிறாள். எனக்குத் தெரிந்த கரைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.