அண்ணன் கட்டிய படை

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு வந்த நிவாரணப் பொதியில் இரண்டு குளிர்கோட்டுகளும், ஒற்றைச் சப்பாத்து ஒன்றும், ஒரு படையும் இருந்தன. மட்டக்களப்பு வெயிலில் குளிர்கோட்டை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. படையை அண்ணன் எடுத்துக்கொண்டான்.

குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பின், அம்மாவும் அண்ணனும் நானும் ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக இருந்த பெரியம்மா வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தோம். அப்பா கட்டாரில் வேலை. எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினைந்து.

படை வந்த பெட்டியின் மூடியில் வாளும் கேடயமுமாக வீரர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். திறந்தால், சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் தலை வேறு, கை வேறு, கால் வேறாகத் தொங்கின. பொருத்தினால் சுண்டுவிரல் உயரம்கூட வராத ஆட்கள். மேசையில் அணிவகுத்து நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கிற விளையாட்டாம். விதிப்புத்தகம் ஏதோ தெரியாத பாஷையில் இருந்ததால் சண்டை நடக்கவே இல்லை. அண்ணன் ஆட்களைச் செய்வதோடு நின்றுகொண்டான்.

அம்மாவின் நகவெட்டியால் ஒவ்வொரு உறுப்பாக வெட்டியெடுத்து, நெருப்புப்பெட்டி ஓரத்தில் உரசி, பசை வைத்து, காயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். தோணிக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டும் பெரியம்மாவின் நகப்பூச்சும் சீருடைகளாயின. ஈட்டி தொலைந்தவனுக்கு ஈர்க்கில் துடுப்பு கிடைத்தது. ஒருவனுடைய தோளில் நுளம்பு வலைத் துண்டைப் போட்டு அவனை வலைக்காரன் ஆக்கினான். பார்க்கப்போனால் பாதிப் படை மீன்பிடிக்கக் கிளம்பி நின்றது.

எனக்கு வயிற்றெரிச்சல். அவன் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை, கடைக்குப் போகவேண்டியதில்லை. எல்லா ஓட்டமும் என் தலையில். பசை தீர்ந்தால் மட்டும் அம்மா முகம் சுளிக்காமல் தானே கடைக்குப் போவாள்.

அந்த நாட்களில் அவன் வயதுப் பையன்கள் தெருவில் இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஒரு தரப்புக்குத் தப்பினால் மறுதரப்பு சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோய்விடும். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தார்கள். சண்டைக்குப் போகாமலிருக்கத்தான் அம்மா அவனைப் படை கட்டவிட்டாள். இது எனக்கு விளங்கியது சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு. அப்போது விளங்கியதெல்லாம், அம்மாவுக்கு ஆண்பிள்ளைதான் பெரிது என்பது.

நாற்பத்தொரு பிளாஸ்டிக் வீரர்களும் எழுந்து நின்ற அன்று அண்ணன், "எல்லாம் முடிஞ்சிது. நாளைக்குச் சந்திப்பக்கம் போய்ப் பந்தடிச்சிட்டு வாறன்மா" என்றான்.

"ஓம் மனே" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா மேசைக்கு முன்னால் நின்று வீரர்களின் கைகளை ஒவ்வொன்றாக ஒடித்தாள். இறால் ஆய்கிற அதே வேகம். வாசலில் நின்ற என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் தரையில் தள்ளிவிட்டு, "ஐயோ மனே, சின்னவள் எல்லாத்தையும் விழுத்திப்போட்டாள்!" என்று கூவினாள்.

"நான் இல்ல, அம்மாதான்!" என்று கத்தினேன். யார் நம்புவார்கள்? அண்ணன் ஓங்கி ஒரு குட்டு வைத்தான். கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு பந்தை மறந்து பசையை எடுத்தான். அம்மா யாருக்கும் தெரியாமல் எனக்கு இரண்டு தோடம்பழ இனிப்புத் தந்தாள். வாங்கிக்கொண்டேன், ஆனால் மன்னிக்கவில்லை.

ஆறு கிழமையில் படை மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது. எனக்கு மறுபடியும் குட்டு.

மூன்றாம் முறை, குளிக்கப் போன அண்ணன் சவர்க்காரத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்தான். அறை வாசலில் தலையில் தண்ணீர் சொட்ட நின்றான். அம்மா அவனுக்கு முதுகைக் காட்டியபடி வலைக்காரனின் கையை ஒடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. எனக்கானால் ஒரே சந்தோஷம். இனி நியாயம் கிடைத்துவிடும்.

அண்ணன் சத்தமில்லாமல் கிணற்றடிக்குப் போனான். வாளியைத் தொப்பென்று போட்டு இன்னும் பத்து வாளி அள்ளி ஊற்றினான். வழக்கமில்லாத வழக்கமாகப் பாட்டுக்கூடப் பாடினான். அம்மா கூவிய பிறகுதான் வந்தான். தரையைப் பார்த்தான். "இஞ்ச வாடி" என்று என்னை இழுத்துவைத்துக் குட்டினான்.

அண்ணன் இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மிஞ்சிய பதினேழு வீரர்கள் அவன் வீட்டு அலுமாரியில் நிற்கிறார்கள்.

மூன்றாம் குட்டு வாங்கிய அன்று, அம்மாவும் அண்ணனும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று பொழுது சாயும்வரை அழுதேன். அந்தக் குட்டு மட்டும் ஏன் வலிக்கவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.